நிலவேம்பு எழுப்பிய கேள்வி: பேராசிரியர் அக்பர்ஷாவின் ஆய்வுப் பாதை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, மலையை விட்டிறங்கிச் சமவெளியைத் தொடும் இடம் பாபநாசம். சித்த மருத்துவத்தின் முதல்வராகப் போற்றப்படும் அகத்தியரின் பெயரை அங்குள்ள அருவியும் மலைமுடியும் தாங்கி நிற்கின்றன. ஆற்றின் போக்கிலேயே கீழிறங்கி வந்தால் பாளையங்கோட்டை. அங்கே 1964ஆம் ஆண்டு முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மூலிகையை நம்பி வாழ்ந்து பழகிய இப்பகுதி மக்களுக்குக் காய்ச்சல் என்றவுடன் நினைவுக்கு வரும் கசப்பு நிலவேம்பு.

2012இல் டெங்குக் காய்ச்சல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் கடையநல்லூர் மிகுந்த பாதிப்புக்கு உள்ளான ஊர்களில் ஒன்று. அதன்பின் நிலவேம்புக் குடிநீர் தமிழகமெங்கும் அரசு மருத்துவமனைகளிலும் பொது இடங்களிலும் வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்னும் ஒன்பது சரக்குகள் சேர்ந்த கஷாயம் அது. ஐந்தாண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், ஓர் அச்சம் பரவியது. நிலவேம்பு ஆண்களின் மகப்பேற்றுத் திறனைக் குலைத்துவிடும் என்பதே அந்த அச்சம். ஆய்வு முடிவுகள் தெளிவாகும்வரை அதை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். சித்த மருத்துவர்கள் மறுத்தனர். சில வாரங்கள் நாடு இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. பிறகு வழக்கம்போல் மறந்தது.

அந்த வாதத்தில் இரு தரப்பினரும் அறிவியலின் பெயரைச் சொன்னார்கள். ஆயினும், அச்சத்தின் வேர் எந்த ஆய்வில் இருக்கிறது, அந்த ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் சிலரே. வேரைத் தேடிச் சென்றால் நாம் சென்றடைவது ஒரு தமிழ் முஸ்லிம் ஆய்வாளரின் மேசையை. அவர் பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியராக விளங்கி, ஆணின் இனப்பெருக்க உறுப்புகளை நஞ்சுகளும் மருந்துகளும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராய்வதில் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

பேசப்படாத பொருள்

குழந்தை இல்லாத வீட்டில் கேள்விகள் பெண்ணை நோக்கியே எழுகின்றன. நேர்ச்சைகள் செய்பவளும் அவள், மருத்துவமனைப் படியேறுபவளும் அவள். மணவிலக்குக்கோ மறுமணத்துக்கோ அவளுடைய 'குறை' காரணமாகச் சொல்லப்படும் கொடுமையும் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. நம் சமூகம் அதற்கு விலக்கன்று. ஆனால் மருத்துவம் அறிந்த உண்மை வேறு. குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணைச் சார்ந்த காரணம் தனித்தோ, பெண்ணைச் சார்ந்த காரணத்துடன் சேர்ந்தோ காணப்படுகிறது. அதைக் கண்டறியும் முதற் சோதனையும் மிக எளியது. விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதுதான். அந்த எளிய சோதனைக்கு உடன்படாமல் ஆண்டுக்கணக்கில் மனைவியை மட்டும் மருந்துண்ண வைக்கும் கணவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆண்மை என்னும் சொல் வீரத்துக்கும் மகப்பேற்றுத் திறனுக்கும் ஒருசேர வழங்குவதால் வந்த குழப்பம் இது. உடல்வலிமை மிக்கவரிடத்தும் விந்தணு இல்லாதிருக்கலாம். அவருக்கு வலி இராது, அறிகுறி இராது. விந்தகத்துக்கு நேரும் கேடு பெரும்பாலும் ஓசையின்றியே நேர்கிறது. அதனால்தான் அதைத் தேடிக் கண்டறியும் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

உடலுக்குள் ஒரு தொழிற்கூடம்

விந்தகத்தினுள் மெல்லிய குழல்கள் சுருண்டு நிறைந்திருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள தாய்ச் செல்கள் பிரிந்து பிரிந்து, உருமாறி, வாலுடைய விந்தணுக்களாகின்றன. அவற்றைத் தாங்கி ஊட்டம் தருபவை செர்டோலி செல்கள். குழல்களுக்கு இடையே இருந்து டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரப்பவை லெய்டிக் செல்கள். மனிதரில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. எலியில் சுமார் 50 நாட்கள். இந்தக் கூடத்திற்கு உடலின் வெப்பமே மிகுதி. ஆகவேதான் விந்தகம் உடலுக்கு வெளியே, இரண்டு முதல் நான்கு செல்சியஸ் பாகை குளிர்ந்த நிலையில் அமைந்திருக்கிறது.

இங்கிருந்து வெளியேறும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழாய்க்குள் அது நுழைகிறது. விரித்து அளந்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளும் அக்குழாயைக் கடந்துவரும் நாட்களில்தான் அது முதிர்ச்சியும் இயக்கமும் பெறுகிறது. உலகின் ஆய்வாளர்கள் பலர் விந்தகத்தையே நோக்கியிருந்த காலத்தில், அக்பர்ஷாவின் ஆய்வுக்குழு இந்தச் சுருள்குழாயின் செல்களை விடாமல் நுண்ணோக்கியில் பார்த்துவந்தது. நிலக்கடலை போன்றவற்றில் பூஞ்சை படிவதால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, விந்தகத்தோடு எபிடிடிமிஸின் செல்களும் மாறிப்போவதை அக்குழு எடுத்துக்காட்டியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் புழுவைப்போல் வாழும் சிசிலியன் என்னும் காலில்லா நீர்நில வாழ்வி பற்றிய ஆய்விலும் அவர் கேரள ஆய்வாளர்களோடு பங்கேற்றார். பெண் உறுப்புகளுக்கு மூலமாகும் முல்லேரியன் நாளம், முதுகெலும்புள்ள ஆண் உயிரினங்கள் பலவற்றில் கருவிலேயே தேய்ந்து மறைந்துவிடும். ஆண் சிசிலியனிலோ அது தேயாமல் ஒரு சுரப்பியாகவே நின்று பணிபுரிகிறது. ஒரு புழு போன்ற உயிர் இப்படியொரு விந்தையைச் சுமந்திருக்கிறது.

நிலவேம்பு பற்றி ஆய்வு சொன்னது என்ன?

1990இல் அக்பர்ஷாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆண் எலிகளுக்கு நிலவேம்பின் உலர்ந்த இலைப்பொடி நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 நாட்கள் வாய்வழி கொடுக்கப்பட்டது. விளைவாக விந்தணு உருவாக்கம் நின்றது. குழல்களின் சுவர் சிதைந்தது. லெய்டிக் செல்கள் சுருங்கின. 2000ஆம் ஆண்டில் வந்த அடுத்த ஆய்வு, நிலவேம்பின் கசப்புக்கு முதற்காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் வேதிப்பொருளைத் தனியே எடுத்து 48 நாட்கள் கொடுத்தது. விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்தது, இயக்கம் ஒடுங்கியது, வடிவம் பிறழ்ந்தது. செல்கள் பிரியவேண்டிய இடத்தில் பிரியாமல், பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்களாகத் திரண்டு நின்றன.

இந்த ஆய்வுகளின் காலச்சூழலையும் கருத வேண்டும். ஆணுக்குரிய கருத்தடை மருந்து ஒன்றைத் தாவரங்களில் கண்டெடுக்க முடியுமா என்று உலகெங்கும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சீனாவில் பருத்திவிதையிலிருந்து எடுத்த காசிபோல் என்னும் பொருள் 1970களில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததாலும், சிலருக்கு மகப்பேற்றுத் திறன் மீளாததாலும் அது பின்னர் கைவிடப்பட்டது. நிலவேம்பு ஆய்வையும் அந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும். ஒரு காய்ச்சல் கஷாயத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றும் நோக்கம் 1990இல் எவருக்கும் இருந்திருக்க முடியாது.

இனி மறுபக்கம். 1997இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் நிலவேம்பின் உலர்சாற்றை எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 20, 200, 1000 மில்லிகிராம் என்னும் மூன்று அளவுகளில் 60 நாட்கள் கொடுத்துப் பார்த்து, விந்தகத்துக்குக் கேடில்லை என்றனர். 2009இல் வெளிவந்த மற்றோர் எலி ஆய்வும் மகப்பேற்றுத் திறன் குறையவில்லை என்றே முடித்தது. ஒரே செடி, ஒரே இன விலங்கு, ஆனால் முரண்பட்ட முடிவுகள். இலைப்பொடி வேறு, பிரித்தெடுத்த சாறு வேறு, தூய வேதிப்பொருள் வேறு என்பது முரணுக்கு ஒரு காரணமாகலாம். செடி விளைந்த மண்ணும் பறித்த பருவமும் மற்றொரு காரணமாகலாம்.

இப்னு ஸீனாவின் நிபந்தனைகள்

இத்தகைய முரணை எப்படி அணுகுவது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' மருத்துவப் பெருநூலின் இரண்டாம் பகுதியில், ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகளை வகுத்திருக்கிறார். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும், அது வேலை செய்யும் காலத்தைக் கவனிக்க வேண்டும், விளைவு மீண்டும் மீண்டும் ஒன்றாகவே நிகழ வேண்டும் என்பன அவற்றுட் சில. இறுதி நிபந்தனை சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும் என்பது. சிங்கத்துக்கோ குதிரைக்கோ கொடுத்து அறிந்தது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்று அவர் எச்சரித்தார்.

எவ்வளவு, எத்தனை நாள், மீண்டும் அதே விளைவா, எந்த உயிரில் என்னும் இக்கேள்விகளை நிலவேம்புக்குப் பொருத்திப் பார்ப்போம். எலியின் எடை சுமார் 200 கிராம் எனக் கொண்டால், 20 மில்லிகிராம் பொடி என்பது கிலோவுக்கு 100 மில்லிகிராம். எடைக்கு எடை கணக்கிட்டால் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 6 கிராம். மருந்தியலார் பின்பற்றும் உடற்பரப்புக் கணக்கின்படி ஏறத்தாழ 1 கிராம். அதுவும் இடைவிடாது 60 நாட்கள். காய்ச்சலுக்குக் குடிநீர் அருந்துவோர் சில நாட்களில் நிறுத்திவிடுகின்றனர். ஒன்பதில் ஒரு பங்கே நிலவேம்பு உள்ள சரக்கை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கின்றனர். ஆகவே சில நாள் குடிநீர் ஆணை மலடாக்கும் என்று சொல்ல இந்த எலி ஆய்வுகளில் இடமில்லை. அதேவேளை, தடுப்பு என்றும் இரத்தசுத்தி என்றும் மாதக்கணக்கில் நாள்தோறும் நிலவேம்புப் பொடி உண்பவரிடம், 'மூலிகைதானே, தீங்கென்ன?' என்று சொல்லவும் இடமில்லை. மகவை எதிர்நோக்கியிருக்கும் ஆண் அவ்வாறு தொடர்ந்து உண்பதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. இயற்கை என்னும் சொல் எதற்கும் நற்சான்று ஆகாது.

தோல் ஊர்களின் உலோகம்

அக்பர்ஷா பங்கேற்ற மற்றோர் ஆய்வு நம் சமூகத்துக்கு இன்னும் அண்மையானது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பொருளாதாரத்தில் தோல் பதனிடுதல் பெரும்பங்கு வகித்தது. அத்தொழிலில் முஸ்லிம் வணிகர்களின் இடம் எல்லோரும் அறிந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் (1919), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் (1965) அச்சமூகத்தின் கொடையுள்ளத்துக்குச் சான்றுகள். அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. தோலைப் பதப்படுத்தப் பயன்படுவது குரோமியத்தின் மூவிணைதிற வடிவம். அதன் ஆறிணைதிற வடிவமே கொடியது. குரோமேட் உற்பத்திக் கழிவுகளின் வழியே இராணிப்பேட்டைப் பகுதி மண்ணில் அதுவும் தேங்கியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் எம். மைக்கேல் அருள்தாஸ் தலைமையில் நடைபெற்ற ஆய்வில், நாட்டுக்குரங்குகளின் குடிநீரில் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்து ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. செல்களின் அமைப்பைக் கண்டறியும் பணியில் அக்பர்ஷாவின் பங்கு இருந்தது. 2004 முதல் 2006 வரை வெளிவந்த கட்டுரைகளின் செய்தி இது: குரோமியத்தின் அளவும் நாட்களும் கூடக்கூட விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் குறைந்தன. செல்களைக் காக்கும் எதிர் ஆக்சிஜனேற்ற நொதிகள் நலிந்தன, ஹைட்ரஜன் பெராக்சைடு பெருகியது. எபிடிடிமிஸ் குழாய் அடைபட்ட இடங்களில், அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் நுண்வாய்க்கால்கள் புதிதாய்த் தோன்றியிருந்தன. அணை கட்டினால் வெள்ளம் வேறு வழி தேடுவதுபோல் உடலே ஒரு மாற்றுவழி வெட்டிக்கொண்டது.

இவ்வாய்வின் இன்னொரு பக்கம் நம்பிக்கை தருவது. குரோமியம் நிறுத்தப்பட்டு ஆறு மாதம் கழிந்தபின் குரங்குகளின் விந்து பழைய நிலைக்கு மீண்டது. குரோமியத்துடன் வைட்டமின் சி-யும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குரங்குகளில் அந்த ஆக்சிஜனேற்றக் கேடு தோன்றவில்லை. ஆனால் குரங்கின் குடிநீரில் கலந்த அளவு மிகப் பெரிது. தோல் ஊரில் வாழும் மனிதர் ஒவ்வொருவருக்கும் இதே கேடு நேர்ந்திருக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. இப்னு ஸீனாவின் கடைசி நிபந்தனை இங்கும் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. தொழிற்கூடத்தில் பணிபுரியும் இளைஞருக்குக் கையுறையும் முகக்கவசமும் தூய குடிநீரும் தருவது முதலாளியின் கடமை என்பதற்கு மட்டும் இந்தச் சான்று போதும்.

இப்படிக் குரங்கில் உலோகத்தைச் சோதிப்பது நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவர் அபூபக்ர் அர்-ராஸீ, பாதரசத்தை ஒரு குரங்குக்குக் கொடுத்து அதன் விளைவைக் கவனித்துக் குறித்திருக்கிறார். பாக்தாதிலும் ரய்யிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அவர், கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க விரும்பியவர்.

எலிக்கும் ஒரு நீதி

அர்-ராஸீயின் குரங்கு முதல் திருச்சி ஆய்வகத்தின் எலி வரை, இந்த அறிவுக்காக உயிர் கொடுத்தவை வாயில்லா ஜீவன்கள். அக்பர்ஷாவின் வாழ்வில் நிகழ்ந்த திருப்பம் இங்கேதான். பல்லாண்டுகள் விலங்குகளைக் கொண்டு ஆராய்ந்த அவர், 2010 வாக்கில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், சுவிட்சர்லாந்தின் டோரன்காம்ப் அறக்கட்டளையின் ஆதரவோடு, உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று காணும் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையத்துக்கு இயக்குநரானார். வளர்ப்புச் செல்களையும் கணினி மாதிரிகளையும் கொண்டு கற்பிக்கவும் சோதிக்கவும் வழிகாணும் மையம் அது. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் தவளையையும் எலியையும் அறுத்துக் கற்கும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் நெறிமுறை வெளியிட்டது. பல தலைமுறை மாணவர்கள் கற்ற ஒரு முறை அத்துடன் விடைபெறத் தொடங்கியது.

விலங்குக்கு மனிதன் மீது உரிமைகள் உண்டு என்பதை 13ஆம் நூற்றாண்டு ஷாஃபிஈ சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் முறையாக எழுதிவைத்திருக்கிறார். மூத்து உழைக்க இயலாமற் போனாலும் அதற்குத் தீனி தரவேண்டும், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பன அவற்றுள் அடங்கும். அவர் காலத்தில் சுமை என்றால் பொதிமூட்டை. நம் காலத்தில் சோதனைக் கூண்டையும் அதில் சேர்த்தெண்ணுவது பொருந்தும்.

மாற்றுவழிக்கும் எல்லை உண்டு. பல செல்கள் ஒன்றை ஒன்று தாங்கி, பல வாரங்கள் நடத்தும் விந்தணு உருவாக்கத்தைக் கண்ணாடிக் கலத்தில் நிகழ்த்துவது மிகக் கடினம். சுண்டெலிக் குஞ்சின் விந்தகத் திசுவை வளர்த்து அதில் விந்தணுவை உருவாக்கியதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் அறிவித்ததே பெரும் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. எனவே விலங்குச் சோதனை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாத இடத்தில் எண்ணிக்கையையும் வலியையும் குறைக்க வேண்டும் என்னும் நெறியை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே வகுத்தனர். அதை ஏட்டில் வைத்திருப்பவர் பலர். ஆய்வகத்தின் நடுவில் நின்றுகொண்டே அதற்காக வாதாடியவர் சிலர். அச்சிலருள் ஒருவர் அக்பர்ஷா.

நாம் கொள்ளத்தக்கது

1940க்கும் 1990க்கும் இடையே விந்தணு அடர்த்தி மில்லிலிட்டருக்கு 113 மில்லியனிலிருந்து 66 மில்லியனாகக் குறைந்ததாக டென்மார்க் ஆய்வாளர்கள் 1992இல் எழுதியபோது உலகம் திடுக்கிட்டது. 2017இல் வந்த விரிவான தொகுப்பாய்வும் மேலைநாடுகளில் சரிவு தொடர்வதாகவே கூறியது. கணக்கிட்ட முறைகளைக் குறைகூறும் அறிஞர்களும் இருக்கிறார்கள். காரணம் இன்னதென உறுதிப்படவில்லை. ஆனால் ஆண் உண்பதும் பருகுவதும் சுவாசிப்பதும் அவனுடைய வித்தில் தடம் பதிக்கக்கூடும் என்பதைத் தரமணியிலும் திருச்சியிலும் நடந்த ஆய்வுகள் நமக்கருகிலேயே காட்டியிருக்கின்றன.

ஆகவே, குழந்தைக்காக ஏங்கும் இளம் தம்பதியர் மருத்துவரிடம் செல்லும்போது கணவர் முதல் நாளிலேயே உடன் செல்லட்டும். அவர் என்ன தொழில் செய்கிறார், எந்த மருந்தை எத்தனை மாதமாக உண்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். விந்தணு உருவாக 74 நாட்கள் ஆவதால், கேட்டை விலக்கியபின் மாற்றம் தெரியச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் அறிந்திருக்கட்டும். ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பை மட்டும் கேட்டுவிட்டு மூலிகையைப் பழிப்பதும், முன்னோர் பெயரைச் சொல்லி ஆய்வைப் பழிப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

பொதிகையின் அடிவாரத்தில் நிலவேம்பு இனியும் முளைக்கும். காய்ச்சல் வரும்போது அதைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கமும் தொடரும். அந்தக் கசப்பை வாயில் வைக்குமுன் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்கப் பழகிக்கொண்டால், ஒரு பேராசிரியரின் நெடுங்கால உழைப்பும், அவருடைய ஆய்வகத்தில் மடிந்த எலிகளும் வீண்போகவில்லை என்று பொருள்.